பெரிய கோயிலைக் குள்ளர்கள் கட்டினார்களா?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது வேற்றுக்கிரகக் குள்ளர் இனமாம், தஞ்சைக்குப் பக்கத்துப் புள்ளமங்கைக் கோயிலில் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக நிற்பவர்கள் அவர்கள்தானாம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சுத்தப் பொய்.

அவை சிவனின் பூதகணங்கள். கபோதத்துக்கு (அந்தக் கூரை விளிம்புக்கு) அடியில் வரும் அந்தப் பட்டைக்குப் பூதவரி என்று பெயர், சோழநாட்டுக் கற்கோயில்களில் இது சர்வசாதாரணம், சோழர்களுக்கு வெகுகாலம் முன்பு 578இல் குடைந்த கர்நாடகத்துப் பாதாமிக் குகையிலும் இதே தொந்திக் கணங்கள் உண்டு. கிட்டே போய்ப் பாருங்கள், ஆட்டமும் பாட்டுமாக இருக்கும், சிலவற்றுக்கு மிருக முகம்கூட (இது எந்தக் கிரகமோ!).

பெரிய கோயில் தச்சர் பெயர் அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது: குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். அப்புறம், அந்த வாட்ஸ்அப் செய்தியில் 'குள்ளர் அரசன்' என்று போட்டிருக்கும் படம் நடராசர் காலடியில் மிதிபடும் முயலகன்.