சிங்கி ஏன் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறாள்?

குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் பேசிக்கொள்ளும் இடத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். சிரித்தோமா என்றால் இல்லை, ஏனென்றால் யாரும் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. சிற்றிலக்கிய வகை, ஆசிரியர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், இரண்டு மதிப்பெண், அடுத்த பாடம்.

விஷயம் என்னவோ வில்லங்கமானது. குறி சொல்லப் போன பெண்டாட்டி கால் நிறைய நகையோடு வந்து நிற்கிறாள், புருஷனுக்குச் சந்தேகம். உரைநடையில் எழுதினால் வெட்டுக்குத்தில் முடியும். இங்கே சிரிப்பாக மாறுவது எதுகையாலும் மோனையாலும்தான் என்பது என் கட்சி.

'காலுக்கு மேலே பெரிய விரியன் கடித்துக் கிடப்பானேன் சிங்கி!'
'சேலத்து நாட்டிற் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு கிடக்குதடா சிங்கா!'

அடிக்கு ஏழு சீர். நாலு முடிந்ததும் ஒரு நிறுத்தம், ஐந்தாம் சீரில் மோனை 'டக்'கென்று விழும்: காலுக்கு–கடித்து, சேலத்து–சிலம்பு. அவன் 'கா' என்று ஆரம்பித்து அடுத்த எழுத்தில் லகரத்தைப் போட்டுவிட்டான், அவளும் அதே லகரத்தில் ஏறியாக வேண்டும் (அதுதான் எதுகை), யோசிக்க நேரமே இல்லை, ஆனாலும் சேலத்தைப் பிடித்துவிட்டாள் பாருங்கள்! 'மதுரை நாட்டில்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், தகவல் கெடாது, சிரிப்பு செத்துப் போகும். அவனும் விடவில்லை, 'சேலத்தார் இட்ட சிலம்புக்கு மேலே' என்று அவள் வார்த்தையையே பிடுங்கித் திருப்பிக் கேட்கிறான். அவள் கோலத்து நாட்டுக்குத் தாவிவிடுகிறாள்.

அப்புறம் அந்தச் சிங்கி, சிங்கா. நம்ம திருநெல்வேலிச் சீமையில் (தென்காசி 2019ல் தனி மாவட்டம் ஆனாலும் எனக்குச் சீமை ஒன்றுதான்) பேச்சோடு 'ஏட்டி', 'ஏலே' ஒட்டுமே, அதே வேலை. சொல் மாறாது, தொனிதான் மாறும். முதலில் அதட்டல், பிறகு பயம், பிறகு வெறும் ஆச்சரியம். அவன் 'டி' போட்டால் அவள் தயங்காமல் 'டா' போடுகிறாள், அந்தச் சரிசமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாடகம் என்ற கால் நகையை நாங்கூழ்ப் புழு (மண்புழு) என்று நினைத்து 'நெளிந்த நெளிவென்னடி சிங்கி' என்று கேட்டவன், அடுத்து சதங்கை மாதிரியான கெச்சத்தைச் செத்த தவளை என்று நினைக்கிறான்:

'மாண்ட தவளையுன் காலிலே கட்டிய மார்க்கமதேது பெண்ணே சிங்கி!'

'டி' இருந்த இடத்தில் 'பெண்ணே' வந்துவிட்டது. ஆள் அங்கேயே விழுந்துவிட்டான்.