வாட்ஸ்அப்புக்குக் கட்டணமா? ஃபார்வர்டு செய்யும் முன் படியுங்கள்

"நாளை முதல் வாட்ஸ்அப்புக்குக் கட்டணம். இதை 20 பேருக்கு அனுப்பினால் உங்கள் லோகோ நீலமாகும், சேவை இலவசமாகத் தொடரும்" என்ற தகவல் மறுபடியும் சுற்றி வருகிறது. பொய். பல வருடப் பழைய பொய்.

இதில் ஒரு துளி உண்மை ஒட்டியிருப்பதால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். முன்பு முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் அளவில் சந்தா இருந்தது. 2016 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள்.

அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நிறுவனங்களிடமிருந்து. வங்கியிலிருந்து ஓடிபி வருகிறது, விமான நிறுவனம் பயணச்சீட்டை அனுப்புகிறது அல்லவா? அதற்கான பிசினஸ் சேவை 2018இல் தொடங்கியது. அத்தகைய செய்திகளுக்கு அனுப்பும் நிறுவனம் பணம் கட்டுகிறது, பெறும் நாம் அல்ல. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரத்தைத் தொட்டதும் நேராக வாட்ஸ்அப் அரட்டை திறக்கிறதே, அந்த விளம்பரமும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் இரண்டுக்கும் உரிமையாளரான மெட்டாவுக்கு வருமானம். ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம், சேனல்களுக்குச் சந்தா என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள்.

"அரட்டையைப் படித்து விற்கிறார்கள்" என்பதும் கூடவே வரும். தனிப்பட்ட அரட்டைகள் 2016 முதல் முழுமையாகக் குறியாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்படுகின்றன. அவற்றின் உள்ளடக்கத்தை வாட்ஸ்அப்பாலேயே படிக்க முடியாது. ஆனால் எந்த நிறுவனத்தோடு பேசுகிறீர்களோ, அது நீங்கள் அனுப்புவதைப் படிக்கும், சேமித்தும் வைக்கலாம்.