மூன்று மாதத்தில் இறையியல் பட்டமா? உண்மை விளக்கம்

வீட்டிலிருந்தபடியே, தேர்வு எழுதாமல், மூன்று மாதத்தில் ‘செராம்பூருக்கு இணையான’ பி.டி. (இறையியல் இளநிலை) பட்டம் பெறலாம் என்றும், முன்பணத்தை ஜிபே மூலம் அனுப்பினால் இடம் உறுதி என்றும் சேலம், ஏற்காடு வட்டாரத் திருச்சபை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறான தகவல்.

வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மிஷனரிகள், வங்கத்தில் அப்போது டென்மார்க் ஆட்சியிலிருந்த செராம்பூரில் 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்குப் பட்டமளிக்கும் அதிகாரம் 1827-இல் டென்மார்க் அரசர் அளித்த சாசனத்தால் கிடைத்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிசெய்தது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் போன்ற, செராம்பூரின் பட்டமளிக்கும் குழுவான செனட்டுடன் இணைந்த கல்லூரிகளில் சேர்ந்தே பி.டி. படிக்க முடியும். அப்படிப்பு பல ஆண்டுகள் நீள்வது. பழைய, புதிய ஏற்பாடுகள், திருச்சபை வரலாறு, கிறிஸ்தவ இறையியல், பிற சமயங்கள், ஆயர் பணி என அதன் பாடங்கள் விரிகின்றன. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தின் எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுத்துக்கூட்டத் தொடங்கும் மாணவர், ஒரு சங்கீதத்தைத் தடுமாறாமல் வாசிப்பதற்கே மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதாக உளமார நம்பும் மலைக்கிராம இளைஞர்களே இத்தகைய செய்திகளை நம்பி ஏமாறக்கூடும் என்பது மிகுந்த வேதனை தருகிறது. பணம் போவது ஒருபுறமிருக்க, ஆயர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்தால் அவர்கள் மனம் உடைந்துபோவார்கள்.

இணைவுபெற்ற கல்லூரிகளின் பட்டியலைச் செராம்பூர் செனட்டின் இணையதளத்திலும், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இணையதளத்திலும் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பதிவிடுங்கள்.