டீலர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்ததா?

"உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று ஃபுட்ஸ்டூட்ஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சு, இனி டர்பன் டீலரிடம் ஒன்றும் கேட்க முடியாது" என்று, இங்கே தென்னாப்பிரிக்காவில் பழைய கார் வாங்குவது பற்றி ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தனியாள் ஒருவர் தன் சொந்தக் காரை விற்றால் பெரும்பாலும் அது சரி. டீலர் விஷயத்தில் தப்பு.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய காருக்கும் பொருந்தும். வண்டியை எடுத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு (56-ஆம் பிரிவு). பழுதுபார்த்த 3 மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினாலோ வேறொன்று முளைத்தாலோ, மாற்று வண்டியோ பணமோ தந்தாக வேண்டும். இந்த உரிமையைப் பறிக்கும் வாசகத்தில் நாம் கையெழுத்திட்டாலும் அது செல்லாது.

ஆனால் பேராசை வேண்டாம். "கிளட்ச் தேய்ந்திருக்கிறது" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தக் கிளட்ச்சுக்காகச் சண்டை போட முடியாது. வழக்கமான தேய்மானமும், ஏலத்தில் எடுத்த வண்டியும் இதில் சேராது.

"ரோட்வொர்த்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் சான்று) இருக்கே" என்று இன்னொருவர் சொல்கிறார். அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் என்று பாதுகாப்பைத்தான் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. அதற்குக் கையெழுத்துக்கு முன்பே டர்பனில் நம்ம சாட்ஸ்வர்த் பகுதி மெக்கானிக் யாரையாவது கூட்டிப்போய்க் காட்டுங்கள். டீலர் மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

குறை வந்தால் முதலில் டீலருக்கு எழுத்தில் கொடுங்கள், போனில் பேசிவிட்டு விடாதீர்கள். அவர் அசையாவிட்டால் மோட்டார் தொழில் ஓம்புட்ஸ்மனிடம் (வண்டி தொடர்பான புகார்களை விசாரிப்பவர்) போகலாம்.