கண்ணாடிக்குள் தெரியும் வீடு

செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனால், வேல்ஸில் இருக்கிற எங்கள் அபர்கவெனியில் அந்த வீட்டுத் தரகர் கடை முன்னால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. நின்றால் வயிறு எரிகிறது.

போன வாரம் ஒரு வரிசை வீட்டின் படம். இரண்டே படுக்கையறை. மாடிப்படியில் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரம் கோத்துப் பெயிண்ட் உப்பியிருப்பது படத்திலேயே தெரிகிறது. அதற்கு இரண்டரை லட்சம் பவுண்டா? இந்த வாரம் பார்த்தால் அதன்மேல் ‘விற்றாயிற்று’ என்று சிவப்புத் தாள்!

2018 கடைசியில், இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்கு வருகிற செவர்ன் பாலத்துச் சுங்கத்தை நீக்கினார்கள். நானும்தான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிரிஸ்டலில் சம்பாதிக்கிறவர்களுக்கு எங்கள் மான்மத்ஷயர் மாவட்டம் மலிவாகத் தெரிய ஆரம்பித்தது. சரி, அவர்களும் எங்கேயாவது குடியிருக்க வேண்டும். ஆனால் முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்க்கிறவர் எங்கே போவார்? கடையில் ரொட்டி எடுத்துக் கொடுக்கிற பெண்?

மாட்டுச் சந்தை 2013-இல் போயிற்று, அங்கே இப்போது சூப்பர் மார்க்கெட். செப்டம்பரில் உணவுத் திருவிழா வந்தால் தெருவில் கால் வைக்க இடமில்லை. சந்தைக் கூடத்தின் பச்சைக் கோபுரத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதற்குக் கீழே காய்கறி விற்கிற பையன் பக்கத்து ஊரான பிரின்மாரிலிருந்து பஸ் ஏறி வருகிறான். பிறந்தது இந்த ஊரில்!

வாடகையை ஏற்றப்போவதாக நேற்று எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டுமாம். எந்த ஊரில் பார்ப்பது?