காடு மலையேறினால் காரணம் சூடு மட்டுமா?

ஆல்ப்ஸில் காடு மேலே ஏறுகிறது என்று இரண்டு படம் போட்டு, கீழே 'புவி வெப்பமாதல்' என்று எழுதினால் பகிர்வுகள் குவிகின்றன. கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சரிவில் மாடு மேய்வது எப்போது நின்றது என்று யாராவது கேட்டார்களா?

சுவிட்சர்லாந்தில் 1985-க்கும் 1997-க்கும் இடையே 1,650 மீட்டருக்கு மேல் கூடிய காட்டை ஆராய்ந்தார்கள். 90 சதவீதம் பழைய காட்டின் இடைவெளிகள் அடைபட்டதுதான். உண்மையில் மேலேறியது 10 சதவீதம். அப்படி ஏறியதிலும் நூற்றுக்கு நான்குதான் அந்த வட்டாரத்தின் இயல்பான மர எல்லையை, அதாவது அதற்கு மேல் மரம் வளராத உயரத்தை, தாண்டியது. மற்றது பெரும்பாலும் கைவிட்ட மேய்ச்சல் நிலத்தைக் காடு திரும்ப எடுத்துக்கொண்ட கதை.

இயல்பான எல்லையைப் போடுவது குளிர்தான், மறுக்கவில்லை. வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் 6 டிகிரியை ஒட்டி இறங்கும் இடத்தில் மரம் நின்றுவிடுகிறது. இலை அப்போதும் உணவு தயாரிக்கும். ஆனால் 5 டிகிரிக்குக் கீழே புதுத் திசு அநேகமாக உருவாகாது. தரையோடு படர்ந்த செடி வெயிலில் சூடேறிக்கொள்ளும். நிமிர்ந்த மரத்துக்கு அந்த வசதி இல்லை, காற்றின் குளிர்தான் அதன் குளிர்.

ஒரு டிகிரி கூடினால் கணக்குப்படி எல்லை 150 மீட்டருக்கு மேல் ஏறலாம். ஏறாது, அதாவது உடனே ஏறாது. ஆடு கொழுந்தைக் கடித்துக்கொண்டே இருந்தால் மரக்கன்று முழங்கால் உயரத்திலேயே புதராகிவிடும். வேலி போட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. மேய்ச்சல் நின்றதும் புல் மெத்தையாக அடர்ந்து, விதை மண்ணைத் தொடாமல் மேலேயே கிடக்கும். லார்ச் என்ற ஊசியிலை மரம் முளைக்க வெற்று மண் வேண்டும். குளம்பு கீறிய இடம் அதற்கு நல்ல நாற்றங்கால். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் அருகே ஸ்டில்பெர்க் சரிவில் 1975-இல் 92,000 கன்றுகள் நட்டார்கள். பனி அதிக நாள் மூடிக் கிடந்த இடங்களில் பூஞ்சை தாக்கி பைன் கன்றுகள் பெருமளவில் மடிந்தன. லார்ச் அவற்றைவிட நன்றாகத் தாங்கியது.

எது காரணம் என்று பிரிக்க வழி இருக்கிறது. மரத்தின் வயது வளையங்களை, வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்தில் எண்ணுங்கள். நெஞ்சுயரத்தில் துளையிட்டால் அந்த உயரத்தை எட்ட மரம் எடுத்த ஆண்டுகள் எல்லாம் கணக்கில் விட்டுப்போகும். முளைத்த ஆண்டுகள் மேய்ச்சல் நின்ற ஆண்டை ஒட்டிக் குவிந்தால் சந்தேகம் மந்தை மீது. பக்கத்தில் இன்னும் மேயும் சரிவிலும் அதே காலத்தில் கன்றுகள் எழுந்திருந்தால் வெப்பத்தின் மீது.

ஊட்டிப் புல்வெளியைக் காட்டி 'மர எல்லை' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். குளிர் போடும் எல்லை நம் அட்சரேகையில் அதற்கு வெகு மேலே. அங்கே சோலைக்காட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்துவதில் இரவு உறைபனிக்கும் தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கு உண்டு.