டைகர் பாமில் புலிக் கொழுப்பா?

"ரங்கூனுக்குப் பிழைக்கப் போன சீனத் தாத்தா புலி எலும்பை அரைத்து, கொழுப்பில் காய்ச்சியதுதான் டைகர் பாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தாத்தா உண்மை, புலி பொய்.

ஆவ் சூ கின் என்ற சீன மூலிகை வைத்தியர் 1870களில் ரங்கூனில் 'எங் ஆன் தொங்' என்ற மருந்துக்கடையைத் தொடங்கினார். 1908இல் அவர் இறந்தபின் மகன்கள் பூன் ஹாவ், பூன் பார் இருவரும் தைலத்தை ஊரெங்கும் கொண்டுபோனார்கள். 'ஹாவ்' என்றால் சீனத்தில் புலி. டப்பாவில் பாய்வது அண்ணன் பெயர்தான்! தம்பி பெயரில் இருப்பது சிறுத்தை. அது டப்பாவில் ஏறவில்லை.

உள்ளே இருப்பது கற்பூரம், மென்தால், காஜுபுட் என்ற மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய், புதினா எண்ணெய், கிராம்பு எண்ணெய். இவற்றைப் பிடித்துவைப்பது பாரபின் மெழுகும் பெட்ரோலியம் ஜெல்லியும். சிவப்பு வகையில் லவங்கப்பட்டை வகையான காசியாப் பட்டையின் எண்ணெயும் சேரும்; அதனால் சூடு கூடுதல், வெள்ளைச் சட்டையில் கறையும் படும். தேய்த்ததும் முதலில் சில்லென்று இருப்பது மென்தாலின் வேலை.

புலி எலும்பு சேர்த்த பிளாஸ்திரிகளும் மதுவும் சீன மருத்துவத்தில் இருந்தது நிஜம். சீனா 1993இல் அந்த வணிகத்தைத் தடை செய்தது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே செய்தியில் "சளிக்குச் சிறிது விழுங்கலாம்" என்றும் இருக்கிறது. கூடவே கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். சிறு குழந்தைகளுக்கு உயிராபத்து.